கூட்டக் காட்சிக்கு ஆள் வேண்டும்

ஓசூர்
10.2.2025

முன்னாள் தலைவர் திரு. கிருஷ்ணப்பன் அவர்களுக்கு வணக்கம்.

நமது எல்லையோரப் படப்பிடிப்புத் தொழிலாளர் சங்கத்தைச் சென்னையில் உள்ள சம்மேளனத்தோடு இணைக்க விண்ணப்பித்திருக்கிறோம். சங்கம் எப்போது, எந்தச் சூழ்நிலையில் தொடங்கியது, யார் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தொடங்கியதிலிருந்து போன வருடம் வரை தலைவராக இருந்தவர் தாங்கள் ஒருவரே என்பதால், தாங்களே எழுதித் தருவது பொருத்தம் என்று செயற்குழு கருதுகிறது.

இப்படிக்கு,
சுசித்ரா
தலைவர்

அண்ணா, மேலே இருப்பது செயற்குழு எழுதச் சொன்னது. இனிமேல் நான் எழுதுவது.

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்திருப்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணியின் போனுக்குப் பேசினேன். "அவரு உங்கிட்டப் பேச மாட்டேங்கிறாரு சுசி. நான் நடுவுல நின்னு சேதி சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. எழுதிப் போடு, படிப்பாரு" என்றார். அதனால் தபால்.

தேர்தல் முடிவு சொன்னதும் நீங்கள் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். மறுநாள் அண்ணியையும் கூட்டிக்கொண்டு சிங்காரப்பேட்டைக்கு, மாமனார் ஊருக்கே போய்விட்டீர்கள். அண்ணனை எதிர்த்துத் தங்கை நிற்கலாமா என்று என்னை எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம். காலையில் பார்க் வரை நடக்கிறாள்.

சுசி

*

சிங்காரப்பேட்டை
19.2.2025

தலைவர் அவர்களுக்கு,

வரலாறு கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

2003ஆம் வருடம், ஆவணி மாதம். அஞ்செட்டிப் பக்கம் காட்டோரத்தில் ஒரு தெலுங்குப் படம். உள்ளூரிலிருந்து லைட்மேன்கள், சமையல் ஆட்கள், கூட்டத்தில் நிற்கிற பெண்கள் என்று ஒரு பஸ் கூட்டம் போயிருந்தோம். சாயங்காலம் பேக்கப் சொன்னதும் ஐதராபாத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் போய்விட்டன. எங்களுக்கு வண்டி திரும்பி வரும் என்றார்கள், வரவில்லை. பக்கத்து ராகிக் காட்டில் யானைகள் இறங்கியிருந்தன. ஜெனரேட்டர் லாரி ஓட்டிய திம்மப்பன் அத்தனை பேரையும் லாரியில் நிற்க வைத்துத் தேன்கனிக்கோட்டை வரை கொண்டுவந்து இறக்கினான். மறுநாள் லைட்மேன்கள் ஜெனரேட்டரைப் போட மறுத்தோம். அன்றைக்கு ஒரு ஷாட் கூட எடுக்க முடியவில்லை. அந்த வாரமே சங்கம் பதிவு செய்தோம். நான் தலைவர். திம்மப்பன் பொருளாளர்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஏற்றிக்கொண்டு போன இடத்திலேயே திருப்பி விட வேண்டும் என்று விதி போட வைத்தோம். எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. காயம்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி பொறுப்பு. கன்னடப் படத்துக்குத் தமிழ்நாட்டு ஆள் வேண்டாம் என்று ஒரு சமயம் பேச்சு வந்தபோது, பெங்களூர் போய் ஒவ்வொரு ஆபீஸ் வாசலாகக் காத்திருந்து, கன்னடத்திலேயே பேசி, வேலையைத் திரும்ப வாங்கினேன். இதற்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு சால்வை போடுவார்கள் என்றுதான் அந்தத் தேர்தல் கூட்டத்துக்கு வந்தேன்.

இரண்டு பக்கம் வராது. ஒரு பக்கம்தான் வருகிறது. சம்மேளனத்துக்கு அது போதும்.

கிருஷ்ணப்பன்

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

*

ஓசூர்
5.3.2025

அண்ணா,

எழுதி அனுப்பியதற்கு நன்றி. யானை வரைக்கும் எல்லாம் சரி. மறுநாள் நடந்ததுதான் சரியில்லை.

மறுநாள் காலையில் நீங்கள் ஓசூரிலேயே இல்லை. விடியும் முன்பே திம்மப்பன் அண்ணனோடு லாரியில் லொகேஷனுக்குப் போய்விட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கம்பெனி வேன் வந்து நின்றபோது இருந்தது நாங்கள்தான். கூட்டத்தில் நிற்கிற பெண்கள் மட்டும், அம்மாவும் சேர்த்து. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மா முதலில் வேனில் ஏறினாள், உட்கார்ந்தாள், என்ன நினைத்தாளோ, எழுந்து இறங்கி நடைபாதையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேனேஜர் வந்து, "ஏறும்மா, டைம் ஆவுது" என்றார். அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "நேத்து எங்களைக் காட்டுல வுட்டுட்டுப் போனீங்க இல்ல, இன்னிக்கும் அந்தக் காட்டுலயே போயி ஆள் புடிச்சுக்கோங்க." வேனில் இருந்த எல்லாப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூட்டம் வராததால்தான் ஷூட்டிங் நின்றது. மத்தியானம் சேதி தெரிந்த பிறகு நீங்கள் ஜெனரேட்டரை அணைத்தீர்கள். நீங்கள் செய்தது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதாகச் செய்தீர்கள்.

இது பழைய கதைக்குச் சண்டை பிடிப்பது இல்லை. லைட்மேன்தான் சங்கத்தை ஆரம்பித்தான் என்று சொல்லித்தானே எங்களை இணை உறுப்பினர் என்று வைத்தீர்கள்? சந்தா கட்டலாம், கூட்டத்துக்கு வரலாம், ஓட்டு மட்டும் கிடையாது. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் நான் எழுந்து கேட்பேன். நீங்கள் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பீர்கள். இருபது வருடம் அடுத்த கூட்டம் வரவே இல்லை. கடைசியில் விதி திருத்தி ஓட்டு வாங்கினோம். வாங்கிய ஓட்டில் நான் நின்றேன். உங்கள் மேல் கோபத்தில் நின்றேன் என்று நினைக்கிறீர்கள். அந்த நாற்காலிக்கு இன்னொரு ஆளும் வர முடியும் என்று யாராவது ஒருமுறை நின்று காட்ட வேண்டியிருந்தது.

சம்மேளனத்துக்கு இரண்டையும் எழுதி அனுப்புகிறேன். உங்கள் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. ஆக இரண்டு பக்கம் ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம். பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து வினிதா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், கிருஷ்ணகிரிக்காரிதான். துணை நடிகர்களை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். ஒரு கூடாரம், சுற்றிலும் கேமரா. நடுவில் கையைச் சற்று விரித்து நிற்க வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும், அழ வேண்டும், கத்த வேண்டும், ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மூன்று நாள் சம்பளத்தை ஒரே நாளில் தருகிறார்கள். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் எத்தனை பெரிய கூட்டம் வேண்டுமானாலும் செய்துகொள்வார்களாம். பெண்களுக்கு ஒரே சந்தோஷம். வெயிலில் நிற்க வேண்டாமே. சங்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஆலோசனை கேட்கிறேன் என்று அர்த்தமில்லை. நடப்பதைச் சொன்னேன்.

சுசி

*

சிங்காரப்பேட்டை
2.4.2025

சுசி,

அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன், வேனில் இருந்து இறங்கினாயா என்று. "ரெண்டு பேரும் இதுக்குத்தான் அடிச்சுக்கிறீங்களா? போயி வேலயப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். அதனால் அந்தப் பேச்சை விடுகிறேன். நீ இரண்டு பக்கமும் அனுப்பியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆலோசனை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காமலே சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே.

ஏன் என்று சொல்கிறேன். கூட்டம் இருந்தால் கூட்டத்துக்கு வேன் வேண்டும். வேனுக்கு டிரைவர். கூட்டத்துக்குச் சாப்பாடு, சமையலுக்கு ஆள். கூட்டத்தின் மேல் வெளிச்சம் அடிக்க லைட், லைட்டுக்கு நாங்கள். கூட்டம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் ஹீரோ ஒருவர் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்பார். அதற்கு அஞ்செட்டி வரைக்கும் யார் வருவார்கள்? பெங்களூரிலேயே ஒரு கொட்டகைக்குள் முடித்துக்கொள்வார்கள். சங்கத்தில் லைட்மேன்கள் இது பொம்பளைகள் விஷயம் என்று நினைப்பார்கள். பெண்கள் ஒருநாள் லாபம் என்று நினைப்பார்கள். இது எல்லோருடைய வயிற்றுப்பாடு என்று நீதான் சொல்ல வேண்டும். நீ மனதில் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லைட்மேன் மாதேஷ் இன்னும் நான்கைந்து பேரோடு இங்கே வந்திருந்தான். கடலைக்காட்டில் நின்றுகொண்டே பேசினோம். "அண்ணா, ஒரு வருசமா நல்ல படமே வரல. அக்காவுக்கு கம்பெனிக்காரங்களோட பேசத் தெரியல. நீங்க திரும்பி வந்துருங்க" என்றான். உன் அண்ணி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கிருஷ்ணப்பன்

*

ஓசூர்
14.6.2025

அண்ணா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது என்றுதான் இரண்டு மாதம் விட்டேன். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை மாதேஷிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதால் அவன் இங்கே வந்து, "அண்ணன் ரெடியா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் சொன்னதற்காக அல்ல. ஸ்கேன் எடுத்தால் எந்தப் படத்துக்கு என்று பெயர் சொல்ல வேண்டும், அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான், வேறு படத்தில் போட்டால் திரும்ப வந்து கேட்க வேண்டும். இந்த மூன்றை எழுதித் தரச் சொன்னேன். வினிதா மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்து, "முடியாதுன்னுட்டாங்க ஆன்ட்டி. சாரி" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. அப்படியானால் எங்கள் ஆள் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கம்பெனி கிருஷ்ணகிரி டேம் பக்கம் எடுக்க இருந்த ஷெட்யூலை ரத்து செய்தது. லைட்மேன், சமையல், டிரைவர் எல்லோருக்கும் ஒரு மாத வேலை போனது. கம்பெனி அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஷெட்டில் கூடாரம் போட்டுவிட்டு, தனித்தனியாக வருகிறவர்களை எடுக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டது. நம் பெண்கள் பாதிப் பேர் டவுன் பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இங்கிலீஷில் எதிலோ கையெழுத்துப் போட்டார்களாம். என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெங்கடம்மாளும் போனாள். என்னோடு முதல் படத்திலிருந்து நிற்கிறவள். அவள் இடது கன்னத்தில் கழுத்து வரை இருக்கும் தீக்காயத் தழும்பு உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஸ்டவ் வெடித்தது. எந்தப் படத்திலும் அவளைக் கூட்டத்தின் இடது ஓரத்தில், வலது கன்னம் கேமராவுக்குத் தெரிகிற மாதிரிதான் நிறுத்துவார்கள். அவளே பழகிப்போய், போனதும் அந்த ஓரத்தில் போய் நின்றுகொள்வாள்.

ஏன் போனாய் என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன்.

"என்னைக் கோச்சுக்காத சுசி. எடுத்து முடிச்சதும் அந்த வினிதாப் புள்ள டிவியில போட்டுக் காட்டிச்சு. 'இந்தத் தழும்ப எடுத்துடறோம்மா'ன்னு ஏதோ பண்ணிச்சு. தழும்பே இல்ல. எம்மூஞ்சிதான். நான் அப்பிடி இருந்தத நானே மறந்துட்டேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்."

இதற்கு மேல் அவளிடம் என்ன சண்டை போடுவது?

சங்கம் வேண்டாம் என்ற கம்பெனிக்குப் போய் வேலை செய்தால் உறுப்பினர் உரிமை போகும் என்று உங்கள் காலத்தில் போட்ட விதி இருக்கிறது. அதைக் காட்டி, போனவர்கள் எல்லோரையும் நீக்கச் சொல்கிறார்கள் மாதேஷும் அவன் ஆட்களும். நீக்கச் சொல்கிற அதே வாயால் கம்பெனி கேட்கிற மாதிரி கையெழுத்தும் போடச் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேரும்? வருகிற 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. என் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். மாதேஷ் கொண்டுவருகிறான்.

நீங்கள் வருவதென்றால் வாருங்கள். வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இது உங்களிடம் கற்றுக்கொண்ட பதில்.

சுசி

*

சிங்காரப்பேட்டை
3.7.2025

சுசி,

கூட்டத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ பார்த்தாய், நானும் நீ பார்த்ததைப் பார்த்தேன். உறுப்பினராக வந்தேன், சீட்டில் எழுதிப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்று நீ கேட்க மாட்டாய். நானும் சொல்ல மாட்டேன்.

நீ தோற்பாய் என்று நினைக்கவில்லை. லைட்மேன்கள் எதிராகப் போடுவார்கள் என்று தெரியும். பெண்களும் போட்டிருக்கிறார்கள். அது இல்லாமல் அந்தக் கணக்கு வராது. வெளியே படிக்கட்டில் வெங்கடம்மாள் அழுதுகொண்டு நின்றாள். "சுசி எங்களைச் சங்கத்துல இருந்து எடுத்துருவான்னு மாதேஷ் சொன்னான்ணா. எனக்கு இந்தச் சங்கக் கார்ட வுட்டா வேற என்னா இருக்குது? அதான் அப்பிடிப் போட்டுட்டேன்" என்றாள். நீக்கப் போகிறாயா என்று அவர்களில் ஒருத்தி கூட உன்னைக் கேட்கவில்லை. நீக்க மாட்டேன் என்று நீயும் சொல்லவில்லை. மேடையில் ஒரு மணி நேரம் கம்பெனியைப் பற்றியே பேசினாய்.

அடுத்தது, நான் திரும்பத் தலைவராக ஒத்துக்கொண்டது. எல்லோரும் என் பேரைச் சொல்லிக் கைதட்டியபோது நீ மேடையை விட்டு இறங்கி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். மறுத்திருந்தால் அடுத்த பேர் மாதேஷ். அவன் மறுநாளே பெங்களூர் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பான். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. கைதட்டினார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடமாகக் கடலைக்காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவன். பொய் எதற்கு?

கம்பெனியோடு பேச்சுவார்த்தைக்கு ஆகஸ்டில் நாள் கேட்டிருக்கிறேன். நீ கேட்ட மூன்று நிபந்தனையைத்தான் நானும் கேட்கப் போகிறேன். ஆனால் ஸ்கேன், கம்ப்யூட்டர் இதெல்லாம் பேசும்போது அவர்கள் சொல்வதில் பாதி எனக்குப் புரியாது. கூட்டத்தில் நின்ற ஆள் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். உன்னைச் செயலாளராக நியமிக்கிறேன். வந்துவிடு.

அண்ணன்

*

ஓசூர்
12.7.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் ஒத்துக்கிட்டதுதான் சரி" என்றாள்.

நான் யாரையும் நீக்குவதாகவே இல்லை. முன்னாடியே முடிவு செய்துவிட்டேன். கூட்டம் முடியும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது, நீங்கள் அடுத்த கூட்டம் அடுத்த கூட்டம் என்று சொன்னதற்கும் நான் கடைசியில் கடைசியில் என்று வைத்திருந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு ஓட்டுப் போடாதவர்கள் மேல் கோபமும் இல்லை. அவர்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டவள் நான். அதை எனக்கே போட வேண்டும் என்று கேட்கவில்லையே.

நியமனம் வேண்டாம். அண்ணன் தங்கையை நியமித்தான் என்று நாளைக்கு இன்னொரு பேச்சு வரும். செயலாளர் பதவிக்குத் தேர்தல் வையுங்கள். மாதேஷும் நிற்கட்டும். ஜெயித்தால் வருகிறேன். தோற்றால் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுகொண்டு, நீங்கள் பேசப் போகும்போது உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லி அனுப்புகிறேன்.

தேர்தலுக்கு முன்னால் ஒரு அறிவிப்புப் போடுங்கள், அத்திப்பள்ளி போன யாரையும் சங்கம் நீக்காது என்று. தலைவர் கையெழுத்தோடு. வெங்கடம்மாள் என்னைப் பார்த்தால் சந்தில் புகுந்து போகிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

என் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களா? நேற்றுக் கூப்பிட்டேன், மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

சுசி

*

ஓசூர்
5.11.2025

அண்ணா,

இப்போது போன் எடுக்கிறீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். போனில் பேசினால் பத்து நிமிடத்தில் நமக்குச் சண்டை வருகிறது. அண்ணியின் ஆபரேஷன் நேரத்தில் நீங்கள் சிங்காரப்பேட்டையை விட்டு வர முடியாததால், பெங்களூரில் நடந்ததை, தேர்தலில் ஜெயித்து வந்த செயலாளராக உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியதும் என் பொறுப்பு.

செப்டம்பரில் நாம் போட்ட ஒப்பந்தம் இனிமேல் எடுக்கிற ஸ்கேனுக்குத்தான். அத்திப்பள்ளி போனவர்களைப் பற்றிப் பேசவே மாட்டோம், அவர்கள் தனியாகக் கையெழுத்துப் போட்டவர்கள் என்று அன்று கம்பெனி கைவிரித்தது ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு அந்தக் கம்பெனியின் வேறொரு படத்தின் டிரெய்லர் வந்தது. நம் பெண்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன படம் இல்லை அது. சங்க ஆபீசில் என் போனில் போட்டுப் பார்த்தோம். ஒரு ராணி இறந்து போகிறாள், கோட்டை வாசலில் கடல் போல ஜனம் அழுகிறது. உங்கள் அறிவிப்புக்குப் பிறகு மறுபடி ஆபீசுக்கு வர ஆரம்பித்த வெங்கடம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அய்யோ, நான் சுசி!" என்று சிரித்தாள். நிறுத்திப் பார்த்தால் சிவப்புப் புடவையில் ஒரு வெங்கடம்மாள், நாலு பேர் தள்ளி வெள்ளைப் புடவையில் ஒரு வெங்கடம்மாள், கோட்டை மேலே இன்னொரு வெங்கடம்மாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஓரத்தில் நிற்காமல் நட்ட நடுவில் நிற்கிறாள். தழும்பு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரிப்பது நின்றது. "என்னைக் கேக்கவே இல்லியே" என்றாள்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். வக்கீல் ஒருவர், மேலதிகாரி ஒருவர், வினிதா. வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். அந்த முகம் எங்கள் கலைஞர்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கியது, இந்த அம்மாவுடையது என்று எப்படிச் சொல்கிறீர்கள், இவர் முகத்தில் இருக்கிற அடையாளம் அதில் இல்லையே என்றார். நான் பேசி வைத்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது.

வெங்கடம்மாள் எழுந்து நின்றாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. முந்தானையை இழுத்து வாயில் வைத்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், இன்னொரு கையால் நெஞ்சைத் தட்டிக்கொண்டு அழுதாள். அவள் எந்தப் படத்திலும் அப்படித்தான் அழுவாள். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நிஜமாகவே கண்ணீர் வந்தது. மேஜை மேல் இருந்த லேப்டாப்பில் டிரெய்லர் அந்த இடத்தில்தான் நின்றிருந்தது. வினிதா குனிந்துகொண்டே, "அது இவங்கதான் சார். நான்தான் எடுத்தேன்" என்றாள். இதைச் சொன்னதால் அவள் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. நாம் அவளை விடக் கூடாது.

முழு ஜெயம் என்று சொல்ல முடியாது. அந்தப் படத்திலிருந்து வெங்கடம்மாளை எடுத்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பெண்களைப் பற்றி ஆள் ஆளாக வந்து நிரூபித்தால் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்கு வக்கீல் வைக்க வேண்டியிருக்கும். செயற்குழுவில் பேசுவோம்.

திரும்பும்போது பஸ்ஸில் வெங்கடம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் கேட்டாள்:

"நெசமாவே அதுலருந்து எடுத்துருவாங்களா?"

"எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும். கேக்காம போட்டது தப்புதான்." அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி அந்த மூஞ்சிய ஒரு போட்டோ போட்டுக் குடுக்கச் சொல்றியா? எங்கிட்டக் கல்யாண போட்டோ கூட இல்ல சுசி. எல்லாம் அந்த ஸ்டவ்வோட போயிருச்சு" என்றாள்.

கம்பெனிக்கு அனுப்பும் கடிதத்தில் இதைக் கோரிக்கையாக எழுதலாமா? ஒரு பக்கம் எடு என்கிறோம், ஒரு பக்கம் பிரிண்ட் போட்டுக் கொடு என்கிறோம். வக்கீல் சிரிப்பார். தலைவர் நீங்கள், சொல்லுங்கள்.

அண்ணிக்குத் தையல் பிரித்தாயிற்றா? அம்மா கேட்கிறாள்.

சுசி

*

சிங்காரப்பேட்டை
11.11.2025

சுசி,

லட்சுமிக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். எழுந்து நடக்கிறாள். என்னை அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டாள். அடுத்த வாரம் செயற்குழுவுக்கு வருகிறேன். நிரூபிக்க வேண்டிய பெண்கள் எல்லோரையும் அன்றே வரச் சொல். ஒவ்வொருத்தியும் எப்படி அழுவாள், எப்படி ஓடுவாள் என்று இத்தனை வருடம் லைட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் நாங்கள். சாட்சிக்கு லைட்மேன்களும் வருவார்கள். மாதேஷிடம் பேசிவிட்டேன். முதலில் முனகினான், பிறகு சரி என்றான்.

வினிதாவுக்கு வேலை போனால் சங்க ஆபீசில் ஒரு மேஜை இருக்கிறது என்று சொல். ஸ்கேன் விஷயம் தெரிந்த ஆள் நமக்கு வேண்டும்.

அடுத்த வருடம் தலைவர் தேர்தல். நான் நிற்கப் போகிறேன். நீயும் நில். போட்டி இல்லாமல் ஜெயிப்பது எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

வெங்கடம்மாள் விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. வக்கீல் சிரித்தால் சிரிக்கட்டும். எழுது. சின்னதாகப் பாஸ்போர்ட் சைஸில் கொடுத்துவிடுவார்கள், பெரிதாக, சுவரில் மாட்டுகிற அளவில் வேண்டும் என்று எழுது.

அண்ணன்